நல்லதை மட்டும் காவியவர்

"நீர் சொல்றது எல்லாம் சரி பிள்ளை. ஆனா அதில நான் காவிக்கொண்டு போறதுக்கு ஒண்டும் இல்லையே."

மெல்பேர்னின் டண்டினொங் சந்தைக்குப் பக்கத்தில், தன் வெள்ளை வானின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னார். நான் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நகரத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று கையெழுத்துச் சேர்த்துக்கொண்டு நின்றேன். அவரிடமும் போய், ஒருவரிடம் எத்தனை துப்பாக்கி இருக்கலாம், ஏன் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று நிறுத்தாமல் பேசினேன். பள்ளி விவாதப் போட்டிகளில் கோப்பை வாங்கித் தந்த பேச்சு. முழுவதையும் கேட்டார். ஒரு மட்டன் ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டு அப்படிச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கோழித் தொழிற்சாலையில் வேலை. அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போனவள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை.

"காவுறதெண்டா? எங்க காவுறது?" என்று கேட்டேன்.

"கிழக்கால, தோட்டப் பண்ணையள் பக்கம். நீர் சொல்ற துவக்கு அங்க இருக்கிறவையிட்ட இருக்கு. நீர் கதைக்கிறதை அப்பிடியே கொண்டுபோனா, தங்களைக் கொலைகாரர் எண்டு சொல்றீர் எண்டுதான் விளங்குவினம்."

"அப்ப நீங்கள் அவையின்ர பக்கமோ?"

"நான் ரோல்ஸ் விக்கிறன் பிள்ளை."

அவரை எல்லோரும் வான் அங்கிள் என்றுதான் அழைத்தோம். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கிழமை நாட்களில் மெல்பேர்னுக்குக் கிழக்கே கரட், அஸ்பரகஸ் விளையும் பண்ணைகளுக்கு வானில் சாமான் கொண்டுபோவார். அங்கே வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்கு அரிசிமா, முருங்கையிலை, உறைந்த மீன், ரோல்ஸ், கட்லட். சனி ஞாயிறுகளில் டண்டினொங். சாமானோடு சேர்த்து இன்னொன்றையும் அவர் ஏற்றி இறக்கினார். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்ன பேச்சு.

அதைக் கோள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் செய்தது கோளுக்கு நேர் எதிர். யாராவது யாரையாவது திட்டினால் கேட்டுக்கொண்டிருப்பார். திட்டுக்கு நடுவே தவறி விழும் ஒரு நல்ல சொல்லைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு போய், உரிய ஆளிடம் சேர்ப்பார். சேர்க்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க நீட்டுவார், தட்டம் ஏந்துகிறவரைப் போல.

ஒருமுறை அம்மா அவரிடம், "பக்கத்து வீட்டு அன்ரியின்ர சாம்பார் இருக்கே, குழாய்த் தண்ணிக்கு மஞ்சள் போட்ட மாதிரி. ரெண்டு நாளா அந்த நினைப்புத்தான் எனக்கு," என்றார். அடுத்த நாள் அந்த அன்ரி முகம் முழுக்கச் சிரிப்போடு ஒரு சட்டி சாம்பாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். "ரெண்டு நாளா என்ர சாம்பார் நினைப்பாவே இருக்கிறியளாமே!"

அம்மா வான் அங்கிளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, பொய் சொல்லியிருக்கிறியள்!"

"ஐயோ, பொய்யில்லை. நான் ஒரு சொல்லும் கூட்டேல்லை. கொஞ்சம் குறைச்சனான். கூட்டினாத்தான் பொய். குறைச்சா மரியாதை."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சாம்பார் அன்றும் தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் அந்த அன்ரி எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டார்.

ஒரே தெருவில் எதிரெதிராகக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர், தகப்பனின் திவசத்தில் சண்டை பிடித்துப் பல வருடம் பேசாமல் இருந்தார்கள். வான் அங்கிள் ஒருநாள் அண்ணனின் கடைக்கும் மறுநாள் தம்பியின் கடைக்குமாகக் காவினார். கடைசியில் அண்ணனின் மகளின் கல்யாணத்தில் தம்பிதான் வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். எல்லாம் குறைத்ததால் வந்தது.

துப்பாக்கி விஷயத்திலும் அவர் அதையே செய்தார். பண்ணைப் பக்கத்தில் அவர் வானுக்குத் தவறாமல் வரும் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். கொலின் என்று பெயர். அறுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர். கரட் தோட்டமும் கொஞ்சம் மாடுகளும். உள்ளூர்த் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் மதிப்புள்ள ஆள். எங்கள் கையெழுத்து இயக்கத்துக்கு எதிராக அந்தப் பக்கத்தை எல்லாம் திரட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை வான் அங்கிள் உள்ளங்கைகளை நீட்டினார். "கொலின் சொன்னவர், அவற்ற மாடு ஒண்டு கால் முறிஞ்சு கிடந்து கத்தேக்க, வைத்தியர் வந்து சேரப் பின்னேரம் ஆகுமாம். துவக்கு இல்லாம, அவ்வளவு நேரமும் அது கத்துறதைக் கேட்டுக்கொண்டு நிண்டு பாக்கச் சொல்லுங்கோ எண்டவர். சொல்லேக்க அவருக்குக் கண் கலங்கினது."

என் விவாதக் குறிப்புகளில் அந்த மாடு இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாதான் பேசினார். அம்மாவின் அண்ணன் ஊரில் யுத்த காலத்தில் சுடப்பட்டு இறந்தவர். யார் சுட்டது என்பதில் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் தனித்தனி மேசை. அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை.

"அவருக்குச் சொல்லுங்கோ அண்ணை," என்றார் அம்மா. "ஆர் சுட்டதெண்டு இருவத்தஞ்சு வருசமாச் சண்டை பிடிக்கினம். எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். என்ர அண்ணன் சோத்துக்கு வந்து குந்தினவன். எழும்பேல்லை."

இந்தமுறை அங்கிளுக்குக் குறைக்க எதுவும் இருக்கவில்லை. அப்படியே கொண்டுபோனார். அடுத்த சனிக்கிழமை வானில் எங்களுக்கு ஒரு பெட்டி கரட் வந்தது, மண்ணோடு, இலையோடு. "அந்த அம்மாவோட நான் வாதாட வரேல்லை எண்டு சொல்லச் சொன்னவர்," என்றார். அம்மா கரட் சம்பல் போட்டார். பதிலுக்கு ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் போனது. "வாய் எரிஞ்சு தண்ணித் தொட்டிக்க தலையை விட்டவராம்," என்று செய்தி வந்தது. பிறகு இன்னும் ஒரு போத்தல் கேட்டு வந்தது.

அந்தக் கரட்டிலிருந்துதான் கூட்டம் உருவானது. பண்ணைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மண்டபம். கதிரைகளை யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் ஒரு பக்கம், கழகத்து ஆட்கள் மறுபக்கம், நடுவே ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. வான் அங்கிள் அந்த இடைவெளியின் முடிவில் தேநீர் மேசையில் நின்றார்.

கொலின் முதலில் எழுந்தார். தன் கட்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் அம்மா சொன்னதைச் சொன்னார். சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த அண்ணன், எழும்பாத அண்ணன். ஆங்கிலத்தில், மெதுவாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காது. ஆனால் "பிரதர்" என்ற சொல் வந்தபோது சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நான் எழுந்தேன். தயாரித்து வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, கால் முறிந்த மாட்டைப் பற்றிச் சொன்னேன்.

அன்று எல்லாவற்றிலும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. எத்தனை துப்பாக்கி என்பதில் மூன்று மணிநேரம் இழுபட்டும் ஒருவரும் நகரவில்லை. ஒரே ஒன்றில் மட்டும் இரண்டு பக்கத்துக் கையும் உயர்ந்தது. மனம் உடைந்துபோன ஒருவரின் துப்பாக்கிகளைக் கொஞ்சக் காலம் வேறு இடத்தில் பாதுகாப்பாக வைக்க வழி வேண்டும். அவர் தேறியதும், அவர் பேரில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாமல் அவை திரும்பிவர வேண்டும். வீட்டாரோ நண்பரோ ஒரு சொல் சொன்னால் போதும் என்று இருக்க வேண்டும்.

"நல்ல யோசனை," என்றார் கொலின். "ஆனால் ஒருத்தனும் சொல்ல மாட்டான். எங்கள் பக்கத்தில் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவனுக்கு யாரும் ஒரு பியர் வாங்கிக் கொடுப்பதில்லை."

தேநீர் மேசையிலிருந்து வான் அங்கிள் குரல் கொடுத்தார். "எங்கள் ஆட்கள் அவனுக்குத் தண்ணீரே கொடுக்க மாட்டார்கள்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கொலினுக்கு நல்ல காலமாக அமையவில்லை. மழை பொய்த்தது. மாடுகளை விற்றார். நிலத்தையும் விற்றுவிட்டு நகரத்துக்கு வரச் சொல்லி மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வான் அங்கிள் எங்களிடம் இவற்றைக் கொண்டுவரவில்லை. அவர் கெட்டதைக் காவுகிறவர் இல்லையே.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் வான் வந்து நின்றது. உள்ளங்கைகளை வழக்கத்தை விட உயர்த்திக்கொண்டு வந்தார்.

"கொலின் இண்டைக்கு உம்மைப் பற்றித்தான் கதைச்சவர். அந்தப் பிள்ளை நல்லா வருவாள், ஒருநாள் பாராளுமன்றம் போவாள் எண்டவர்."

"அம்மா, கேட்டியளோ!" என்று நான் குசினிக்குள் கத்தினேன். அம்மா கை கழுவாமலே வெளியே வந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை." அங்கிள் இன்னொருமுறை சொன்னார். அப்பா டிவியை நிறுத்திவிட்டு, "எந்தப் பாராளுமன்றம்? இங்கத்தையோ கன்பராவோ?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எதிர்க்கட்சிக்காரன் வாயால் வந்த வார்த்தை; அதற்குத் தனி ருசி. அம்மா புதிய ஊறுகாய்ப் போத்தலை எடுத்து, செவ்வாய்க்கிழமை அவருக்குக் கொடுக்கச் சொல்லி வானில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் போத்தல் திரும்பி வந்தது.

வான் அங்கிள் குசினி வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கொலின் ஞாயிற்றுக்கிழமை தன் துப்பாக்கியாலேயே உயிரை விட்டுவிட்டார். அனுமதிப் பத்திரம் உள்ள துப்பாக்கி. பூட்டிய பெட்டகம். எல்லாம் சட்டப்படி சரி.

"நான் குறைச்சுப்போட்டன்," என்றார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "என்னத்தை அண்ணை?"

"பாராளுமன்றம் போவாள் எண்டு சொன்னவர்தானே. அதோட நிப்பாட்டேல்லை. அதைப் பாக்க நான் இருக்க மாட்டன் எண்டவர். அடுத்த கிழமை தனக்கு ரோல்ஸ் எடுத்து வைக்க வேண்டாம் எண்டும் சொன்னவர்." போத்தலை மேசையில் வைத்தார். "உங்களுக்கு நல்ல செய்தி கொண்டு வாறன், அதுக்க இதை ஏன் எண்டு விட்டுட்டன்."

"வயசான மனிசர் எல்லாரும் சொல்ற கதைதானே அண்ணை."

"ஓம். அப்பிடி நினைச்சுத்தான் குறைச்சனான்."

இறுதிச் சடங்குக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. சாவுக்கு அழைப்புத் தேவையில்லை என்று அம்மா வேலைக்கு லீவு போட்டார். சின்னத் தேவாலயம். கழகத்து ஆட்கள் எங்களுக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். அங்கே நடுவில் இடைவெளி இருக்கவில்லை.

முடிந்ததும் வான் அங்கிள் நேரே கொலினின் மகளிடம் போனார். அவருக்கு அன்று உள்ளங்கைகள் விரியவில்லை. கொலின் சொன்ன மூன்று வசனத்தையும், ரோல்ஸ் விஷயத்தையும், ஒன்றும் விடாமல் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத் தெரிந்திருந்தது," என்றாள். "ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை?"

"அவர் என்னை நம்பிச் சொன்னது. நான் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை."

"என் அப்பா யாரிடமும் மனம் விட்டுப் பேசியதில்லை. என்னிடமும் இல்லை," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "ஊரெல்லாம் எல்லோருடைய பேச்சையும் காவுகிற ஆள் நீங்கள். நீங்கள் யாரிடமாவது கொண்டுபோய்ச் சொல்வீர்கள் என்றுதான் உங்களிடம் சொல்லியிருப்பார்."

அந்த ஒரு வசனத்தோடு அவருக்குள் ஏதோ உடைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொப்பி இல்லாத தலையை ஏதோ தொப்பி கழற்றுகிறவர் போலத் தடவினார்.

அதன் பிறகு அவர் எதையும் குறைக்கவில்லை. கேட்டது எல்லாவற்றையும் முழுவதாகக் காவினார். பக்கத்து வீட்டு அன்ரியிடம் போய்க் குழாய்த் தண்ணீர்க் கதையைச் சொன்னார். "நாலு வருசத்துக்கு முந்திச் சொன்னது. நான் விட்டுட்டன். உங்களுக்குத் தெரியோணும்." அன்ரி அதோடு எங்கள் வாசலுக்கு வருவதில்லை. அந்த அண்ணன் தம்பியிடமும் போனார். அத்தனை வருடமாகத் தான் மறைத்து வைத்த ஒவ்வொரு வசவையும் ஆளுக்கு ஆள் ஒப்படைத்தார். ஒரு மாதத்துக்குள் அந்தக் கடைகளுக்கு நடுவே தெரு பழையபடி அகலமாகிவிட்டது.

"அந்தாளுக்கு மூளை தட்டிப்போச்சு," என்றார்கள் ஆட்கள். வான் வந்து நின்றால் பேச்சை நிறுத்தினார்கள். "பாத்துக் கதையுங்கோ, ரெக்கோடர் வருது." அப்பாகூட ஒருநாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். இழுத்துவிட்டுச் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வானை விற்றுவிட்டு அவர் சிட்னிக்குத் தங்கை வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

நான் படிப்பை முடித்தேன். பட்டமளிப்பு நாளில் அப்பா என் கறுப்பு அங்கியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்த வருடம்தான் கொலினின் மகள் எனக்குப் போன் எடுத்தாள். எங்கள் இயக்கத்தில் சிலர் கொலினின் பெயரைப் பதாகையில் போட நினைத்ததையும், நான் மறித்ததையும் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். "மற்றதில் எல்லாம் நாம் சண்டை பிடிக்கலாம். துப்பாக்கியைக் கொஞ்சக் காலம் வேறு இடத்தில் வைக்கிற அந்த ஒன்றை மட்டும் சேர்ந்து கேட்போமா?" என்றாள். அவள் இப்போது தகப்பனின் கழகத்தில் செயலாளர். இருவரும் ஒன்றாக விண்ணப்பித்தோம். பாராளுமன்றக் குழு ஒன்று எங்களைக் கேட்கச் சம்மதித்தது. மூன்றாவது ஆளாக வான் அங்கிளும் வர வேண்டும் என்று கேட்டவள் அவள்தான்.

அதற்காகத்தான் போன சனிக்கிழமை நான் சிட்னிப் புறநகரான லிட்கமுக்குப் போனேன்.

அவருடைய தங்கை, நான் அன்ரி என்று அழைத்தவர், கதவைத் திறந்தார். பின்வளவில் பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். கைகள் இரண்டும் ஸ்வெட்டர் பைகளுக்குள். நான் பேசி முடிக்கும் வரை அவை வெளியே வரவில்லை.

"கொலினின்ர மகள் உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ அங்கிள். கோபம் இல்லையாம்."

"முழுசாச் சொன்னவவோ, நீர் குறைச்சுச் சொல்றீரோ?"

"முழுசா. 'கோபம் இல்லை, ஆனா மன்னிச்சும் முடியேல்லை. வரச் சொல்லு' எண்டவ."

முதல்முறையாகச் சிரித்தார். "நல்லாக் காவுறீர்." பிறகு தலையை ஆட்டினார். "நான் வரேல்லை பிள்ளை. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. அது காணும்."

அன்ரி தேநீர் தந்தார். கொஞ்ச நேரம் ரோல்ஸைப் பற்றிப் பேசினோம். இங்கே கிடைப்பவற்றில் கிழங்குதான் கூடவாம். நான் எழுந்தபோது வான் அங்கிள் வாசல் படலை வரை வந்தார். அன்ரி உள்ளே இருந்தார்.

"தங்கச்சிக்குப் பாரமா இருந்தது போதும் பிள்ளை," என்றார், சாதாரணமாக, மழை வருமோ என்று கேட்கிறவரைப் போல. "இனிக் கன நாள் இல்லை. நான் யோசிச்சு முடிவெடுத்திட்டன். அவளுக்குச் சொல்லிப்போடாதேயும். பயந்திடுவாள். உம்மை நம்பிச் சொல்றன்."

"போயிட்டு வாறன் அங்கிள்," என்றேன்.

கொரியக் கடைகளைத் தாண்டி லிட்கம் ஸ்டேஷன் படிவரை நடந்தேன். எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை என்று எதையும் தடுத்ததில்லை, ஒன்றைத் தவிர: காட்டிக்கொடுப்பு. அந்தச் சொல்லால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அம்மாவின் அண்ணனும் அதனால் இருக்கலாம். அவர் என்னை நம்பினார். எனக்கு ரோல்ஸ் தந்தவர். என்னைப் பற்றி யாரோ சொன்ன ஒவ்வொரு நல்ல சொல்லையும் இரண்டு கையால் ஏந்தி வந்து தந்தவர். ரயில் வந்தது. கதவுகள் திறந்தன, மூடின.

நான் திரும்பிப் போய் மணியை அடித்தேன்.

அன்ரி கதவைத் திறந்தார். "என்ன பிள்ளை, ரெயில் போயிட்டுதோ?"

"போயிட்டுது அன்ரி. உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்."

அன்ரியின் பின்னால், வீட்டின் நடையில் தேநீர்க் கோப்பையோடு அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "பிள்ளை, வேண்டாம்," என்றார். எங்கள் ஆட்கள் காட்டிக்கொடுப்பவர்களைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பார்வையோடுதான் என்னைப் பார்த்தார்.

படலையில் அவர் சொன்னதை, அவருக்கு முன்னாலேயே, அவருடைய தங்கைக்குச் சொன்னேன். கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.